வழுக்கும் தரையும் வழுக்காத காலணியும்: தேர்விலிருந்து பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வழுக்கி விழுந்தவரைப் பார்த்து "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்வி பழி முழுவதையும் விழுந்தவர் மீது சுமத்திவிடுகிறது. தரையையும் காலணியையும் யாரும் விசாரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, எல்லா வகையான விழுதல்களையும் சேர்த்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான விழுதல்கள் ஆண்டுக்கு 3.7 கோடிக்கும் அதிகம். இவற்றில் வழுக்கலால் நேர்பவை பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை என்பதே இந்த வழிகாட்டியின் நம்பிக்கை. சரியான காலணியை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதை எப்படிப் பராமரிப்பது, தரையை எப்படி வைத்திருப்பது, வேறு வழியின்றி வழுக்கும் இடத்தில் நடக்க நேர்ந்தால் எப்படி நடப்பது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: வழுக்கும் அந்தக் கணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகாலின் பின்விளிம்பு. அப்போது பாதம் தரையோடு சிறிது சாய்ந்திருக்கும், உடலின் எடை முன்னோக்கி வந்துகொண்டிருக்கும், தரையைத் தொடும் பரப்போ மிகக் குறைவாக இருக்கும். அந்தச் சிறு பரப்பு பிடித்துக்கொண்டால் கால் ஊன்றும். பிடிக்கவில்லையென்றால் கால் முன்னே ஓட, உடல் பின்னே சாயும். இடுப்பெலும்பும் மணிக்கட்டும் பின்னந்தலையும் அடிபடுவது பெரும்பாலும் இந்த வகை விழுதலில்தான். குதிகால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை சறுக்கினால் பல நேரங்களில் நமக்கே தெரியாது. உடல் தானாகவே சரிசெய்துகொள்ளும். அதுவே பத்து சென்டிமீட்டரை நெருங்கிவிட்டால் மீள்வது கடினம். "நேற்று வரை இதே தரையில்தானே நடந்தேன்" என்று சொல்பவர் உண்மையில் நேற்றும் சறுக்கியிருப்பார். அது எல்லைக்குள் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

சமதளத்தில் இயல்பாக நடப்பதற்கு ஏறத்தாழ 0.2 என்ற அளவு உராய்வுக் குணகம் (இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கின்றன என்பதைச் சொல்லும் எண்) போதும். உலர்ந்த, சுத்தமான தரையில் ஏறக்குறைய எந்த ரப்பர் சோலும் இதைவிடப் பல மடங்கு பிடிமானம் தரும். வேகமாக நடக்கும்போதும், சட்டென்று திரும்பும்போதும், சாய்தளத்தில் இறங்கும்போதும், தள்ளுவண்டியைத் தள்ளும்போதும் தேவை கூடுகிறது. தரை நனையும்போதோ எண்ணெய் படியும்போதோ கிடைக்கும் பிடிமானம் குறைகிறது. தேவை கூடுவதும் கிடைப்பது குறைவதும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது விபத்து நேர்கிறது. உங்கள் வீட்டிலோ பணியிடத்திலோ அப்படிச் சந்திக்கும் இடம் எது என்று தேடுவதே முதல் வேலை.

படி 2: தரைக்கும் சோலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லா இடத்திலும் வழுக்காத காலணி என்று ஒன்று கிடையாது. தண்ணீருக்கு நன்றாக ஈடுகொடுக்கும் சோல் எண்ணெயில் தோற்கலாம். சேற்றில் உறுதியாக நிற்கும் சோல் நனைந்த டைல்ஸில் சறுக்கலாம்.

திரவம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஆபத்து. கால் ஊன்றும் கணத்தில் சோலுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் விரைவில் விலகிவிடும். எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் விலகாது, ஒரு மெல்லிய படலமாக நின்று சோலையும் தரையையும் தொடவிடாமல் பிரித்து வைக்கும். அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும் அளவுக்குத் தரையில் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். சுத்தமான தண்ணீருக்கு 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுச் சொரசொரப்பு பொதுவாகப் போதுமானது என்று கொள்ளப்படுகிறது. அது ஒரு தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவே. எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் அதைவிடப் பல மடங்கு தேவை. கண்ணுக்கு ஒரேபோலத் தெரியும் இரண்டு தரைகளில் ஒன்று மட்டும் நனைந்ததும் வழுக்குவதற்குக் காரணம் இதுதான்.

உலர்ந்த பொருள்களையும் மறந்துவிடக் கூடாது. மாவு, மரத்தூள், மணல், பிளாஸ்டிக் துகள்கள் ஆகியவை வழவழப்பான தரையில் சோலுக்கு அடியில் உருளும். தூள் படிந்த தரை நனைந்த தரையைப் போல மினுங்காது என்பதால் எச்சரிக்கையே தராது. என் மதிப்பீட்டில் பணியிடங்களில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் ஆபத்து இதுவே.

படி 3: காலணியைத் திருப்பிப் பாருங்கள்

பெரும்பாலோர் காலணியின் மேல்பகுதியைப் பார்த்து வாங்குகிறார்கள். பாதுகாப்பு அடியில் இருக்கிறது. எனவே சோலை நிதானமாக ஆராய வேண்டும்.

முதலில் வரிப்பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள ரப்பர் மேடுகள் கூர்மையான விளிம்பு கொண்டவையாக இருக்க வேண்டும். திரவப் படலத்தை அறுப்பவை அந்த விளிம்புகளே. பள்ளங்கள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராவது அகலம் கொண்டு, சோலின் ஓரம் வரை திறந்தபடி ஓட வேண்டும். சில காலணிகளில் அழகான வட்டங்களும் நிறுவனச் சின்னமும் சோலின் நடுவில் செதுக்கப்பட்டு, சுற்றிலும் ஒரு வரம்பு அடைத்து நிற்கும். உள்ளே சிக்கிய திரவம் வெளியேற வழியே இராது. குதிகாலில் பள்ளங்களே இல்லாமல் முன்பாதத்தில் மட்டும் இருக்கும் காலணியை வாங்காதீர்கள். சறுக்கல் தொடங்கும் இடமே அங்கே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. குதிகாலின் பின்விளிம்பு செங்குத்தாக வெட்டப்படாமல் சற்றுச் சரிவாகச் சீவப்பட்டிருந்தால், ஊன்றும் கணத்தில் தொடும் பரப்பு கூடும், அதுவும் நல்லது.

ஆழமான பள்ளம்தான் எப்போதும் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மலையேற்றக் காலணியின் பெரிய, இடைவெளி விட்ட பற்கள் சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் இறங்கிப் பிடிப்பதற்காகவும், ஒட்டிய சேறு தானாக உதிர்வதற்காகவும் அமைந்தவை. அதே காலணி நனைந்த, வழவழப்பான உள்தரையில் மிகச் சிறிய பரப்பையே தொடும். ரப்பரும் கடினமாக இருந்தால் நிலைமை மோசமாகும். கட்டடத்துக்குள் ஈரமும் எண்ணெயும் உள்ள தரைக்கு நெருக்கமான, சிறிய மேடுகள் நிறைந்த தட்டையான சோலே ஏற்றது.

அடுத்தது சோலின் பொருள். மென்மையான ரப்பர் தரையின் நுண்மேடுகளுக்குள் அமிழ்ந்து பிடிக்கும். நகத்தால் அழுத்தினால் சிறிது அமுங்கி மீளும் சோல், கல்லைப் போல் கெட்டியாக இருக்கும் சோலைவிடப் பொதுவாக நன்றாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் தேயும். இயற்கை ரப்பர் ஈரத்தில் நன்றாக வேலை செய்தாலும் எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். சமையலறைக்கும் இயந்திரப் பட்டறைக்கும் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைல் பொருத்தம். பிவிசி என்ற பிளாஸ்டிக் சோல் மலிவானது, குளிரில் விறைத்துவிடும். இவிஏ என்ற நுரைப் பொருளாலான சோல் இலேசாக, கால் நோகாமல் இருக்கும். தேய்மானம்தான் அதன் குறை. பாலியூரிதேன் சோல் உழைக்கும், ஆனால் ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்தால் உள்ளுக்குள் சிதைந்து ஒரு நாள் துண்டு துண்டாக உதிரும். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பழைய காலணியை எடுத்து அணியும்முன் சோலை வளைத்துப் பாருங்கள்.

படி 4: முத்திரைகளைச் சரியாகப் படியுங்கள்

இங்கே நேரும் குழப்பம் பலரைக் காயப்படுத்தியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எண்ணெய் எதிர்ப்பு" என்று சோலில் பொறித்திருந்தால், எண்ணெய் பட்டாலும் அந்தச் சோல் கெடாது என்றுதான் பொருள். எண்ணெயில் வழுக்காது என்று அது சொல்லவில்லை. அதேபோல, பாதுகாப்புக் காலணிகளில் காணும் எஸ்1, எஸ்3 போன்ற வகைப்பாடுகள் கால்விரல் கவசம், ஆணி துளைக்காமை, நீர் உட்புகாமை போன்ற தன்மைகளின் தொகுப்பைக் குறிக்கின்றன; எந்த அளவுக்கு வழுக்காது என்பதை வரிசைப்படுத்துபவை அல்ல.

வழுக்கல் எதிர்ப்பைச் சோதிக்கும் சர்வதேச முறை ஐஎஸ்ஓ 13287. பாதுகாப்புக் காலணிக்கான ஐஎஸ்ஓ 20345 தரநிலையின் பழைய பதிப்பின்படி வந்த காலணிகளில் எஸ்ஆர்ஏ, எஸ்ஆர்பி, எஸ்ஆர்சி என்ற மூன்று குறிகளைக் காணலாம். செராமிக் டைல்ஸில் சோப்புக் கரைசல் ஊற்றிச் சோதித்தது எஸ்ஆர்ஏ. எஃகுத் தரையில் கிளிசரால் என்ற கெட்டியான, வழுக்கும் திரவத்தை ஊற்றிச் சோதித்தது எஸ்ஆர்பி. இரண்டிலும் தேறியது எஸ்ஆர்சி. ஐரோப்பாவில் 2022-ல் வந்த பதிப்பு இந்த மூன்றையும் நீக்கிவிட்டது. சோப்புக் கரைசல் சோதனை இப்போது அடிப்படைத் தேவையாகிவிட்டது. டைல்ஸில் கிளிசரால் ஊற்றிச் செய்யும் கூடுதல் சோதனையிலும் தேறினால் எஸ்ஆர் என்ற குறி கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்துக்கு வாங்குபவர் புதிய காலணியில் இந்த எஸ்ஆர் குறியைத் தேட வேண்டும்.

குறி இருப்பது குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியதற்கு மட்டுமே சான்று. வரம்பை மயிரிழையில் தாண்டிய காலணியும் வெகுதூரம் தாண்டிய காலணியும் ஒரே குறியைத்தான் தாங்கி நிற்கும். பணியாளர்களுக்காக மொத்தமாக வாங்குபவர்கள் சோதனையில் கிடைத்த உராய்வு எண்களையே விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும். பிறகு சில இணைகளை மட்டும் வாங்கி, அன்றாடம் வேலை நடக்கும் அதே தரையில் சிலரை அணியச் செய்து பார்த்துவிட்டு மீதியை வாங்க வேண்டும். ஆய்வகத்தின் டைல்ஸ் உங்கள் தரை அல்ல.

தரைக்கும் குறிகள் உண்டு. ஜெர்மனியின் தரநிலை அமைப்பான டிஐஎன் வகுத்த டிஐஎன் 51130 முறையில், எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணி அணிந்தவர் நடந்து பார்த்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் கொடுக்கிறார்கள். இந்த வரிசை 9-ல்தான் தொடங்குகிறது என்பதை அறியாமல், பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெற்ற டைல்ஸ் என்று நினைத்து ஆர்9 வாங்கி ஈரமான இடத்தில் பதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவே இருப்பதில் மிகக் குறைந்த தரம். வெறுங்காலுடன் நடக்கும் குளியலறை, நீச்சல்குளம் போன்ற இடங்களுக்கு டிஐஎன் 51097 என்ற தனி முறையும் ஏ, பி, சி என்ற தரங்களும் உள்ளன. சி மிக உயர்ந்தது. பதித்துவிட்ட தரையை அளக்க, ஊசலாடும் ரப்பர் முனை தரையை உரசிச் செல்லும் ஊசல் கருவி உதவும்: அதில் 36 அல்லது அதற்கு மேல் வந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு, 25-க்குக் கீழே வந்தால் அதிகம்.

படி 5: காலுக்குப் பொருந்துகிறதா என்று சோதியுங்கள்

எவ்வளவு நல்ல சோலும் தளர்ந்த காலணியில் பயன்படாது. கால் உள்ளேயே நகர்ந்தால், தரையில் சோல் பிடித்திருந்தும் உடல் தடுமாறும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பாருங்கள்; நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும், குதிகால் மேலெழக் கூடாது. கயிறோ பட்டையோ போட்டு இறுக்கும் வகை, வெறுமனே நுழைத்துக்கொள்ளும் வகையைவிடப் பாதுகாப்பானது.

முதியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. குதிகால் உயரம் குறைந்த, அகலமான அடிப்பரப்புள்ள, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் காலணியே அவர்களுக்கு ஏற்றது. தடித்த, மெத்தென்ற சோல் தரையின் உணர்வைக் காலுக்கு எட்டவிடாது. பாதத்தை முழுவதும் தூக்காமல் இழுத்து நடப்பவருக்கு மிக அதிகமாகப் பிடிக்கும் சோல் ஆகாது. அது கம்பளத்தின் மீதோ உலர்ந்த தரையிலோ சட்டென்று நின்றுவிட, அவர் முன்னோக்கி விழக்கூடும். அதிகப் பிடிமானமும் ஓர் ஆபத்தாகும் இடம் இது. வெறும் காலுறையோடு வழவழப்பான தரையில் நடப்பதை எந்த வயதினரும் கைவிட வேண்டும்.

படி 6: இடத்துக்கு ஏற்ப முடிவெடுங்கள்

பெரிய சமையலறையிலும் பட்டறையிலும் எண்ணெயும் தண்ணீரும் கலந்தே கிடக்கும். அங்கே நைட்ரைல் ரப்பர் சோலும் எஸ்ஆர் குறியும் உள்ள, மேல்பாகம் மூடிய காலணி வேண்டும். கொதிக்கும் திரவம் சிந்தினால் திறந்த செருப்பு காலைக் காக்காது.

குளியலறையில் காலணி பெரும்பாலும் தீர்வாகாது. வெறுங்காலில் நிற்கும் இடம் அது. சோப்பும் ஷாம்புவும் தரையில் விடும் படலமே அங்கே எதிரி. அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்கள் உள்ள ரப்பர் விரிப்பு உதவும், ஆனால் அழுக்குத் தரையில் விரித்தால் விரிப்பே சறுக்கும். சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி, என் பார்வையில், எந்த விரிப்பையும்விட மேலானது. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள். அது உடல் எடையைத் தாங்க அமைக்கப்பட்டதல்ல.

வெளியே மழைக்காலத்தில் பாசி பிடித்த கல்லும் சிமெண்டுத் தரையும் உலோக மூடிகளும் நனைந்த இலைகளும் வெவ்வேறு விதமாக வழுக்கும். பாசிக்கு எந்தச் சோலும் முழுமையாக ஈடுகொடுக்காது. தேய்த்து அகற்றிவிட்டு, நிழலும் ஈரமும் அங்கே ஏன் தேங்குகின்றன என்று பார்ப்பதே வழி.

பனிக்கட்டி மீது நடக்க வேண்டியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கிய பனிக்கட்டி அதிகம் வழுக்கும். அங்கே ரப்பர் மட்டும் போதாது. காலணி மீது மாட்டிக்கொள்ளும் உலோக முட்கள் தேவைப்படும். அதே முட்கள் கட்டடத்துக்குள் கல் தரையிலும் டைல்ஸிலும் மிக மோசமாகச் சறுக்கும் என்பதால், வாசலிலேயே உட்கார்ந்து கழற்றிவிட வேண்டும்.

படி 7: தரையைக் கவனியுங்கள்

ஆபத்தை இருக்குமிடத்திலேயே நீக்குவது எப்போதும் காலணியைவிட முதன்மையானது. காலணி கடைசிக் காவல். சிந்தியதை உடனே துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படித் துடைப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. ஒரு துளி எண்ணெய் மீது ஈரமான துடைப்பத்தை இழுத்தால், ஒரு சாண் அகல ஆபத்து ஓர் அறையின் அகலத்துக்குப் பரவும். எண்ணெயை முதலில் உறிஞ்சும் தாளாலோ உலர்ந்த துணியாலோ ஒற்றி எடுங்கள்; பிறகு கொழுப்பு நீக்கும் திரவத்தை அதன் அட்டையில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, தேய்த்து, சுத்தமான நீரால் அலசி, ரப்பர் பட்டை வைத்த தள்ளியால் நீரைத் தள்ளி உலரவிடுங்கள். திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்பது தவறு. அலசப்படாமல் தங்கும் எச்சம் அடுத்த முறை நனையும்போது தானே வழுக்கும். பிளீச்சிங் கரைசலையும் அமிலம் கலந்த சுத்திகரிப்புத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

எச்சரிக்கைப் பலகை தரையை உலர்த்தாது. நடமாட்டம் இல்லாத நேரத்தில் கழுவுங்கள். அது முடியாதென்றால் பாதையின் ஒரு பாதியைக் கழுவி உலர்த்தியபின் மறுபாதியைக் கழுவுங்கள். வாசல் விரிப்பு, உள்ளே வருபவரின் இரண்டு கால்களும் ஒருமுறைக்கு மேல் பதியும் நீளத்தில் இருக்க வேண்டும். ஓரம் சுருண்ட விரிப்பு வழுக்கலைத் தடுத்தாலும் கால் இடறி விழவைக்கும்.

படி 8: நடையை மாற்றுங்கள்

வழுக்கும் தரையில் எட்டுகளைக் குறுக்குங்கள். எட்டு குறைந்தால் குதிகால் சாய்ந்து விழாமல் பாதம் ஏறக்குறைய முழுவதுமாக, தட்டையாகப் பதியும். முன்னோக்கித் தள்ளும் விசையும் குறையும். முழங்கால்களைச் சற்று மடக்கி, உடல் எடையை முன்காலுக்கு நேர்மேலே வைத்துக்கொண்டு நடங்கள். கைகள் பையிலிருந்து வெளியே இருக்கட்டும். திரும்ப வேண்டுமானால் ஒரே காலில் சுழலாமல் பல சிறு எட்டுகளில் வளைந்து திரும்புங்கள். பார்வையை மறைக்கும் சுமையைத் தூக்காதீர்கள். படியில் இறங்கும்போது ஒரு கை கைப்பிடியிலேயே இருக்க வேண்டும். ஏணியில் இரண்டு கைகளும் இரண்டு கால்களுமாக நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க வேண்டும்.

படி 9: சோலைச் சுத்தமாக வையுங்கள், காலம் முடிந்தால் மாற்றுங்கள்

புதிய சோலின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பான ஒரு மேல்தோல் இருக்கும். சிறிது நடந்து தேய்ந்தபின் பிடிமானம் கூடும். ஆகவே முதல் சில நாட்கள் கூடுதல் கவனத்தோடு நடங்கள். அதன்பின் பள்ளங்களில் மாவும் கொழுப்பும் கல்லும் அடைந்துகொள்ளும். அடைத்துக்கொண்ட சோல், பள்ளமே இல்லாத சோலுக்குச் சமம். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்பு நீரும் கடினமான தூரிகையும் கொண்டு தேய்த்து, அலசி, நிழலில் உலர்த்துங்கள். அனலில் காயவைத்தால் ரப்பர் விறைக்கும், ஒட்டு விடும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கேள்விக்கு நாள்காட்டியில் விடை இல்லை. நாள் முழுவதும் நடப்பவரின் சோல் சில மாதங்களிலேயே முடிந்துவிடலாம். மாதம் ஒருமுறை காலணியைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துக் குதிகாலின் வெளிப்புறப் பின்விளிம்பைப் பாருங்கள். பலருக்கும் அங்கேதான் முதலில் தேயும். முன்பு வரிகள் இருந்த இடத்தில் ஒரு நாணயம் அளவுக்கு வழவழப்பான, மினுங்கும் திட்டு உருவாகியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது, மேல்பாகம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி. அந்தத் திட்டுக்கு அடியில் திரவம் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

படி 10: வழுக்கிவிட்டால்

சறுக்கல் தொடங்கிவிட்டதை உணர்ந்தால் கையில் இருப்பதை விட்டுவிடுங்கள், முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்துங்கள், தாடையை மார்போடு ஒட்டுங்கள். விறைத்த கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும் வாய்ப்பு அதிகம்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த ஓடாதீர்கள். அவர் சிறிது நேரம் அப்படியே இருந்து, எங்கே வலிக்கிறது என்று உணரட்டும். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி, காலை ஊன்ற முடியாமை, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ தெரிவது ஆகியவை இடுப்பெலும்பு முறிவின் அடையாளங்கள். அவரை அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையில் அடிபட்டபின் வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் தாமதிக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காயம் இல்லையென்று தெரிந்தால், அவர் ஒருபக்கமாகத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து, அதன் இருக்கையில் கைவைத்து, ஒரு காலை முன்னே ஊன்றி மெல்ல எழுந்து உட்காரலாம்.

பணியிடமானால், தரையைத் துடைப்பதற்கு முன்பே அந்த இடத்தையும் விழுந்தவரின் சோலையும் படமெடுத்து, நேரத்தோடு பதிவுசெய்யுங்கள். விழாமல் சமாளித்த சறுக்கல்களையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்; அதற்காக யாரையும் கண்டிக்கக் கூடாது, கண்டித்தால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். ஒரே இடத்தை இருவர் குறித்திருந்தால் அங்கே கசியும் குழாயோ, நீர் வடியாத பள்ளமோ, கதவடியில் புகும் மழைநீரோ இருக்கிறதா என்று அன்றே தேடிப் பாருங்கள்.